மரத்தடியில் இருந்தவனிடம் யாரும் கேட்பதில்லை

தேர்தல் அறிவிக்கப்பட்ட நாள் தொடங்கி முடிவு வெளியாகும் நாள்வரை தமிழ்நாட்டுப் பேச்சில் மிகுதியாக நடமாடும் விலங்கு பச்சோந்தி. கட்சி மாறியவர் பச்சோந்தி. கூட்டணியை மாற்றிக்கொண்ட தலைவர் பச்சோந்தி. நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் எழுதிய விமர்சகர் பச்சோந்தி. கருத்தரங்க மேடைகளும் இவ்வழக்கத்திற்கு விலக்கன்று. கோட்பாட்டை மாற்றிக்கொண்ட பேராசிரியரை அடுத்த அமர்வில் அதே சொல்லால் குத்திவிட்டு, அரங்கின் சிரிப்பையும் பெற்றுக்கொண்டு தேநீருக்குச் செல்வது கற்றவர் மரபாகவே ஆகிவிட்டது. தெலுங்கில் ஊசரவெல்லி, கன்னடத்தில் கோசும்பெ, இந்தியில் கிர்கிட். ஒலிதான் வேறு, வசை ஒன்றே.

வசை வசையாக மட்டும் இருந்திருந்தால் அதனோடு வழக்காட வேண்டியதில்லை. அது அறிவியல் என்னும் பெயரில் வகுப்பறைக்குள் வந்து அமர்ந்துகொண்டது என்பதே சிக்கல். 'பச்சோந்தி தான் இருக்கும் இடத்தின் நிறத்தை எடுத்துக்கொள்ளும்' என்னும் ஒற்றை வரியைச் சிறுவயதில் கேட்ட மாணவர், முதுகலை முடித்து ஆய்வுக்கு வரும்போதும் அவ்வரியை அப்படியே சுமந்து வருகிறார். வண்ணவண்ணக் கண்ணாடிகளின்மீது ஏறி நொடிக்கொரு நிறமாய் மாறும் பச்சோந்தியின் காணொளி ஒன்று ஆண்டுக்கணக்காகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. அது மூக்குக்கண்ணாடி விளம்பரத்திற்காகச் செய்யப்பட்ட ஒட்டுவேலை. அதை வியப்புக்குறியோடு பகிர்வோரில் உயிரியல் பட்டதாரிகளும் உண்டு.

இந்த வசைக்கு நேர்மாறான பார்வை ஒன்று கொல்கத்தாவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அச்சில் கிடக்கிறது. தட்சிணேசுவரத்தில் வாழ்ந்த இராமகிருஷ்ணர் (1836–1886) சொன்ன கதை அது. மகேந்திரநாத் குப்தா 1902 முதல் ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட 'கதாமிருதம்' அதைப் பதிவுசெய்துள்ளது. மரத்தில் ஒரு விலங்கைக் கண்டுவந்த ஒருவன் அது சிவப்பு என்றான். மற்றொருவன் பச்சை என்றான். வேறொருவன் மஞ்சள் என்றான். சண்டை முற்றி, அனைவரும் அம்மரத்திற்கே சென்றனர். அங்கே, மரத்தடியிலேயே குடியிருந்த ஒருவன், அவர்கள் கண்டவை அனைத்தும் உண்மை என்றும், சிலவேளை அதற்கு நிறமே இராது என்றும் சொன்னான். இராமகிருஷ்ணர் இதனை இறைவனுக்கு உவமையாக்கினார். அந்த வழக்கு இங்கு வேண்டியதில்லை. கதையின் அறிவுமுறைதான் கவனிக்கத்தக்கது. ஒருமுறை பார்த்தவன் ஒரு நிறத்தைக் கண்டான். தங்கிப் பார்த்தவன் மாற்றத்தைக் கண்டான். மாற்றத்தைக் கண்டவன் அவ்விலங்கை ஏமாற்றுக்காரன் என்று சொல்லவில்லை.

அக்கதையில் அவன் அவ்விலங்குக்குத் தரும் பெயர் 'பகுரூபி'. பல வடிவினது என்பது பொருள். வங்கத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. வீர்பூம் போன்ற மாவட்டங்களில் காளியாகவும் சிவனாகவும் புலியாகவும் வேடமிட்டு ஊர்ஊராய்ச் செல்லும் நாட்டார் கலைஞருக்கும் பகுரூபி என்றே பெயர். 1948-இல் சம்பு மித்ரா முதலானோர் கொல்கத்தாவில் தொடங்கிய நாடகக்குழுவும் அப்பெயரையே சூட்டிக்கொண்டது. தாகூரின் 'ரக்தகரபி' நாடகத்தை 1954-இல் மேடையேற்றி இந்திய நாடக வரலாற்றில் இடம்பெற்றது அக்குழு. தமிழில் தன்மதிப்புள்ள நாடகக்குழு ஒன்று தனக்குப் 'பச்சோந்தி' என்று பெயரிட்டுக்கொள்ளுமா என்று எண்ணிப் பார்த்தால், இரு மொழிகளும் ஒரே விலங்கை எவ்வளவு வேறான இடங்களில் நிறுத்தியுள்ளன என்பது விளங்கும்.

வங்கம் புனிதமானது என்று இதற்குப் பொருளில்லை. அங்கும் கட்சி மாறியவரை ஏசுவதற்கு 'கிர்கிட்டி' என்னும் சொல் ஆயத்தமாக இருக்கிறது. ஒரே விலங்கைக் குறிக்கும் இரு சொற்களுள் ஒன்று கலைக்குச் சென்றது, மற்றொன்று வசைக்குச் சென்றது. அதைவிடக் குழப்பமானது, கிர்கிட்டி என்னும் சொல் பெரும்பாலும் பச்சோந்தியையே குறிப்பதில்லை என்பது. கொல்கத்தாவின் தோட்டங்களிலும் மதில்களிலும் தலையாட்டிக்கொண்டிருப்பது கலோட்டிஸ் வெர்சிகலர், அதாவது தமிழரின் ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் சிவந்துவிடும். அதனால் வங்கத்தார் அதற்கு 'இரத்தம் உறிஞ்சி' எனப் பொருள்படும் 'ரக்தசோஷா' என்ற பெயரையும் இட்டனர். ஆங்கிலேயரும் அதே பொருளில் ஒரு பெயரிட்டனர். ஒரு சொட்டு இரத்தமும் குடிக்காத பூச்சியுண்ணிக்கு இரு மொழிகளில் இந்தப் பட்டம்.

மெய்யான பச்சோந்தி, 1768-இல் லாரெண்டி இலங்கையின் பெயரால் கமீலியோ ஜெய்லானிகஸ் எனக் குறித்த இனம், இந்தியாவின் ஒரே பச்சோந்தி இனமாகும். கங்கைச் சமவெளிக்குத் தெற்கே தீபகற்பத்தின் மரமடர்ந்த பகுதிகளிலும் புதர்க்காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும் வாழ்வது. ஓணான் ஓடும், இது நடக்கும், அதுவும் காற்றில் ஆடும் இலையைப்போல் முன்னும் பின்னும் அசைந்து அசைந்து. ஓணானின் வால் வெறுமனே நீண்டு கிடக்கும்; இதன் வால் கிளையைப் பற்றிக்கொள்ளும், சுருண்டும் கொள்ளும், பல்லியின் வாலைப்போல் முறிந்து விழாது. விரல்கள் இரண்டும் மூன்றுமாக இணைந்து குறடுபோல் ஆகிவிட்டன: முன்காலில் வெளிப்புறம் இரண்டு, உட்புறம் மூன்று, பின்காலில் இது தலைகீழ். கண்கள் கூம்புகளாய்ப் புடைத்து, ஒன்று மேலே பார்க்கும்போதே மற்றொன்று கீழே பார்க்கும். இவ்வளவு வேறுபாடுகள் இருந்தும் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, அச்சொல்லை வைத்து மனிதரை எடைபோடுவது துணிச்சலான செயல்தான்.

தமிழ்ச் சொல்லையே சற்று ஆராயலாம். பச்சை, ஓந்தி என்னும் இரண்டும் சேர்ந்து, பச்சிலை, பச்சோலை என்பவற்றில் நிகழும் அதே ஈறுபோதலால் பச்சோந்தி ஆயிற்று. ஓந்தி, ஓதி, ஓணான் ஆகியவை மலையாளத்தின் ஓந்து, கன்னடத்தின் ஓதி என்பவற்றோடு உறவுடைய பழந்திராவிடச் சொற்கள். குறுந்தொகையின் 140-ஆம் பாடலில் பாலை வழியில் ஓர் ஓதி இருக்கிறது. அதன் முதுகு கருக்கரிவாளின் பல்போன்றது. வழிப்போக்கர் அதனிடம் நிமித்தம் பார்க்கின்றனர். அங்கே நிறத்தைப் பற்றிய பேச்சில்லை. 'ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி' என்னும் பழமொழியிலும், வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையிலும் நிறமில்லை, வேலிதான் இருக்கிறது. பச்சோந்தி என்னும் பெயரோ அதனைப் பச்சை நிறத்தது என்று மட்டுமே சொல்கிறது. மாறுவது என்றும் சொல்லவில்லை, வஞ்சிப்பது என்றும் சொல்லவில்லை. வஞ்சகம் பெயரில் இல்லை. பெயரைப் பயன்படுத்துவோர் பின்னர் ஏற்றியது.

மேற்கிலும் இப்படி ஓர் ஏற்றம் நடந்தது. அரிஸ்டாட்டில் பச்சோந்தியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்போல் எழுதியிருக்கிறார். கண்ணின் அமைப்பையும் கால்விரல்களின் பிரிவையும் நுணுக்கமாகக் குறித்தவர், நிறமாற்றத்தை அது உடலைக் காற்றால் ஊதிப் பெருக்கும் நிலையோடு இணைத்தார். காரணம் முழுதும் சரியன்று. ஆயினும் மாற்றத்தின் ஊற்றை விலங்கின் உள்ளேயே தேடினார். அவருக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்த பிளினிதான், சிவப்பும் வெள்ளையும் நீங்கலாக அருகிலுள்ள எந்த நிறத்தையும் அது ஏற்கும் என்று எழுதினார். அது காற்றையே உண்டு வாழ்வதாகவும் அவரே எழுதினார். காற்றுணவை உலகம் மறந்துவிட்டது; நிறத்தைப் பற்றிய பிழையை மட்டும் இன்றும் மதிப்பெண் கொடுத்துக் காத்துவருகிறது.

அறிவியல் இன்று சொல்வது என்ன? ஜெனீவாவில் மைக்கேல் மிலின்கோவிச்சின் குழு 2015-இல் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு, நிறமிகள் விரிந்து சுருங்குவதுதான் முழுக்காரணம் என்னும் பழைய எண்ணத்தை மாற்றியது. தோலின் மேலடுக்கில் இரிடோஃபோர் எனப்படும் உயிரணுக்களில் குவானின் படிகங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. விலங்கு அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நிற்கும்; நீலம் போன்ற குறுகிய அலைநீளங்கள் திரும்பி வரும்; மஞ்சள் நிறமியோடு சேர்ந்து அது பச்சையாகத் தெரியும். கிளர்ச்சியுறும்போது படிகங்களுக்கிடையே உள்ள தொலைவு கூடும். மஞ்சளும் செம்மஞ்சளும் எழும். இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதன் கீழுள்ள தடித்த அடுக்கு அண்மை அகச்சிவப்புக் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. அது வெப்பத்திலிருந்து காக்கும் வேலை எனக் கருதப்படுகிறது. மேலடுக்கு முழு வளர்ச்சி பெறுவது வளர்ந்த ஆணில்தான்; பெண்ணிலும் குஞ்சிலும் அது குறைவு. ஒளிந்துகொள்வதற்கான கருவி என்றால், ஒளிய வேண்டிய தேவை மிகுந்த குஞ்சுக்கு அதை இயற்கை ஏன் குறைத்து வைத்தது என்று கேட்பதற்கு மரத்தடியில் குடியிருக்கக்கூடத் தேவையில்லை.

அது யாரை நோக்கி மாறுகிறது என்பதற்கும் விடை உண்டு. தென்னாப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளின் 21 கிளைவழிகளை ஒப்பிட்ட டெவி ஸ்டூவர்ட்-ஃபாக்ஸ், அட்னான் மௌசல்லி ஆகியோர் 2008-இல் கண்டது இது: மிகுதியாக நிறம் மாறும் இனங்கள் பலவகைப் பின்னணிகளில் வாழ்பவை அல்ல, தம் இனத்தார்முன் எடுப்பாகத் தெரியும் குறிகளைக் காட்டுபவை. அரேபியத் தீபகற்பத்தின் முக்காட்டுப் பச்சோந்திகளை நேருக்குநேர் நிறுத்திப் பார்த்த ரஸ்ஸல் லைகனும் கெவின் மெக்ராவும் 2013-இல் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டனர். உடலின் பட்டைகள் எவ்வளவு ஒளிர்கின்றனவோ அவ்வளவுக்கு அந்த ஆண் எதிரியை நெருங்கும். தலை எவ்வளவு விரைவாகவும் ஒளியோடும் மாறுகிறதோ அவ்வளவுக்கு அது வெல்லும். தோற்பது கருமைகொண்டு விலகும். இதனை 'மொழி' என்று அழைக்கத் துடிக்கும் மொழியியல் மாணவர் சற்றே பொறுப்பது நல்லது, இங்கே இலக்கணமில்லை. ஆனால் முன்னிலை இருக்கிறது. நிறம் எதிரே நிற்கும் ஒருவரை நோக்கியது. இலைக்கும் பட்டைக்கும் ஏற்ப மாறுவதாக எழுதும் பாடம், கேட்பவரை நீக்கிவிட்டுப் பேச்சை விளக்கப் பார்க்கிறது.

இந்த இடத்தில் அரசியல் வசை முற்றிலும் கவிழ்ந்துவிடுகிறது. கட்சி தாவுபவர் தாவலை மறைப்பார். கொள்கை என்பார், தொகுதி நலன் என்பார். அதனைத் தடுக்க 1985-இல் அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. பச்சோந்தியோ தன் சினத்தை எதிரியின் முகத்துக்கு நேரே, உடல் முழுதும் எழுதிக் காட்டுகிறது. தோற்றால் தோற்றேன் என்றும் எழுதிக் காட்டுகிறது. எந்தச் சட்டமன்றத்தில் இப்படி நடந்தது?

ஒளிதல் என்பதே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் பிழையாகும். பச்சோந்தி பெரும்பாலான நேரம் இலைக்கிடையே இலையாகவே இருக்கிறது. அதன் ஓய்வுநிறமே அதற்குப் போதிய மறைவு. தென்னாப்பிரிக்க இனம் ஒன்று பறவை வந்தால் ஒருவிதமாகவும் பாம்பு வந்தால் வேறுவிதமாகவும் தன் நிறத்தைச் சரிசெய்வதை முன்சொன்ன ஸ்டூவர்ட்-ஃபாக்ஸே காட்டியுள்ளார். கென்யாவிலிருந்து சென்ற ஜாக்சன் பச்சோந்திகள் 36-ஐ 1972-இல் ஹவாயின் ஒவாஹு தீவில் விட்டனர். பகைவிலங்குகள் குறைந்த அத்தீவில் அவற்றின் வழித்தோன்றல்கள் எதிரிக்கும் துணைக்கும் காட்டும் நிறங்கள் தாயகத்து உறவினரின் நிறங்களைவிட ஒளிமிக்கவையாகிவிட்டன என 2022-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அச்சம் குறைந்த இடத்தில் குரல் உயர்ந்தது எனலாம். ஆகவே நிறம் என்பது வெளிப்படுதலுக்கும் தப்புதலுக்கும் இடையே நடக்கும் பேரம். விடியலில் வெயில் காய உடல் கருப்பதும், இரவில் கிளைநுனியில் உறங்கும்போது வெளிறுவதும் அதோடு சேர்ந்தவை. டார்ச் ஒளியில் வெளிறிய உடல் பளிச்சென்று தெரிவதால் களஆய்வாளர் அதனை இரவில்தான் எளிதாகக் கண்டுபிடிக்கின்றனர். சூழலின் நிறத்தை ஏற்பதே அதன் இயல்பு என்றால், இருட்டில் அது கருத்தல்லவா இருக்க வேண்டும்?

மேற்கூறிய ஆய்வுகள் மடகாஸ்கரையும் ஆப்பிரிக்காவையும் அரேபியாவையும் சேர்ந்த இனங்களில் நடந்தவை. தமிழர் தினம் ஏசும் இந்தியப் பச்சோந்தி அவற்றில் இல்லை. இந்தியாவில் இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மரியா தாக்கரின் குழு தென்னிந்தியப் பாறை ஓணானை ஆராய்ந்து, அதன் ஆண் பெண்ணுக்குக் காட்டும் நிறமும் எதிரிக்குக் காட்டும் நிறமும் வேறுவேறு என்பதையும், எதிரிமுன் அம்மாற்றம் விரைவானது என்பதையும் 2017-இல் வெளியிட்டது. கல்குவாரிப் பாறையில் வெயில்காயும் எளிய ஓணான்தான் அது. பார்த்தவர் அங்கே தங்கிப் பார்த்தார், அவ்வளவே.

தங்கிப் பார்க்கும் பொறுமை கல்விப்புலங்களில் ஏன் குறைந்தது என்பதற்குக் கொல்கத்தாவே நல்ல சான்று. 1784-இல் வில்லியம் ஜோன்ஸ் தொடங்கிய ஆசியக் கழகம் அங்கேதான் உள்ளது. 1786-இல் அவர் சமற்கிருதத்தையும் கிரேக்கத்தையும் இலத்தீனையும் ஓர் ஊற்றுக்குக் கொண்டுசென்ற உரை அங்கேதான் நிகழ்ந்தது. அதே கழகத்தின் இதழில்தான் 1853-இல் ஜெர்டன் தீபகற்ப இந்தியாவின் ஊர்வனவற்றைப் பட்டியலிட்டார். 1916-இல் இந்திய விலங்கியல் அளவாய்வு நிறுவனம் பிறந்ததும் அந்நகரில்தான். சொல்லையும் உயிரையும் ஒரே கூரையின்கீழ் ஆராய்ந்த நகரம் அது. இன்று மொழியியலார் ஒரு கட்டடத்தில் அமர்ந்து விலங்குப்பெயர்களைச் சேகரிக்கின்றனர். விலங்கியலார் வேறொரு கட்டடத்தில் அமர்ந்து விலங்குகளைச் சேகரிக்கின்றனர். முன்னவரின் அட்டவணையில் 'ஓந்தி: ஓணான் வகை' என்றிருக்கும், எந்த ஓணான் என்று கேட்டால் விடையில்லை. மரவகை, செடிவகை, பறவைவகை என்று பொருளெழுதிவிட்டு நகர்ந்த அகராதி மரபின் நேர்வாரிசு அது. பின்னவரின் குடுவையில் உடல் இருக்கும், நிறம் இராது: சாராயத்தில் மஞ்சள் நிறமி முதலில் கரைய, பச்சை உடல் நீலமாகவோ சாம்பலாகவோ எஞ்சும். பெயரில்லாத உடல் ஒரு பக்கம், உடலில்லாத பெயர் மறுபக்கம்.

இது அறிவுத்துறைச் சண்டையோடு முடிவதில்லை. நச்சென்று அஞ்சி ஊர்ப்புறங்களில் பச்சோந்தியை அடித்துக் கொல்கின்றனர். அதற்கு நஞ்சே கிடையாது. இராமனுக்குத் தாகமெடுத்தபோது அணில் இளநீர் தந்தது, ஓணான் சிறுநீர் தந்தது என்னும் கதையைச் சொல்லிச் சிறுவர் ஓணானுக்குச் சுருக்கிடுவர். ஓணான் என்ற சொல்லுக்குள் அகப்பட்டுவிட்ட பச்சோந்திக்கோ ஓடவும் தெரியாது. அதன் வேகமெல்லாம் நாவில்தான் உள்ளது: கூட்டில் சுருண்டிருக்கும் நாவை வில்லைப்போல் இழுத்து ஏவி, உடல் நீளத்துக்கும் அப்பால் உள்ள பூச்சியைப் பிடிக்கும். ஆப்பிரிக்கச் சிற்றினம் ஒன்றில் அந்நாவின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 264 மடங்கு என்று 2016-இல் அளந்துள்ளனர். கால்களுக்கு அதில் எள்ளளவும் பங்கில்லை. முட்டையிடும் பெண் மரத்தைவிட்டு இறங்கித் தரையில் குழி தோண்ட வேண்டும். வேலிப்புதர்களை வெட்டிச் சாலையை அகலமாக்கிய இடத்தில், அசைந்து அசைந்து நடக்கும் அந்த விலங்கு தாரைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்பதை எந்த ஓட்டுநரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைப் பட்டியலில் வைத்துள்ளது. பன்னாட்டு வணிகமும் ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆனால் சட்டத்தின் பட்டியலில் இருப்பது இலத்தீன் பெயர். வனக்காப்பாளர் எழுதும் பதிவேட்டிலும் ஊரார் தரும் புகாரிலும் இருப்பது ஓணான், ஓந்தி, பச்சோந்தி. இரண்டையும் பொருத்தும் வேலையை யார் செய்வது?

தமிழ்நாட்டில் மரத்தடியில் இருந்தவர்கள் கதைமாந்தர் அல்லர். இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கிவருகிறது. அச்சமூகத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்கும் வேலையில் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கே அவர்களின் தடம்பார்க்கும் அறிவு தேவைப்பட்டது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. புளோரிடா கேட்டது, இந்திய அரசும் மாலை சூட்டியது. ஆயினும் ஆய்வேடுகளின் நன்றியுரையில் இத்தகையோர் இன்றும் 'உள்ளூர் உதவியாளர்கள்' என்னும் பன்மைக்குள் பெயரின்றிக் கரைகின்றனர்.

அடுத்த பருவத்தில் தலைப்புத் தேடி நூலகத்தில் அலையும் மொழியியல் மாணவர், 'பச்சோந்தி உருவகம்: ஓர் அறிதல்சார் அணுகுமுறை' என்று இன்னொரு கட்டுரையை எழுதுமுன், விலங்கியல் மாணவர் ஒருவரையும் ஒரு டார்ச்சையும் உடனழைத்துக்கொண்டு புதர்க்காட்டோரம் வாழும் ஒரு முதியவரிடம் சென்று கேட்கட்டும்: இதற்கு உங்கள் பெயர் என்ன? வெயில்காலத்திலும் மழைக்காலத்திலும் அதே பெயர்தானா? கருத்திருப்பதற்கும் வெளிறியிருப்பதற்கும் தனித்தனிச் சொல் உண்டா? வேலியில் இருப்பதற்கு அதே பெயரா, வேறா? விடையை அவர் பெயரோடு, அவர் சுட்டிய விலங்கின் படத்தோடு, நாளும் இடமும் குறித்து எழுதட்டும்.